பதிவை நீக்கச் சொல்லி அதிகாரி அழைத்தால்: இராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் வரையிலும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும் உள்ள கடற்கரை ஊர்களில், படகு பிடிபட்ட செய்தியும் வலை அறுபட்ட செய்தியும் இன்று முதலில் வந்து சேர்வது வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூல் பக்கங்களிலும்தான். கரையை ஒட்டி இழுவலை போட்ட விசைப்படகின் காணொளி, இறங்குதளத்தில் எரியாத விளக்கின் படம், மானிய டீசல் வழங்குவதில் உள்ள குறை, இலங்கைக் கடற்படையால் கைதானவர்களின் குடும்பத்தார் அழுது பேசிய பேச்சு என எல்லாம் அங்கேதான் பதிவாகின்றன. இப்படியொரு பதிவு பரவிய மறுநாள், அதை இட்டவருக்கோ, சங்கத் தலைவருக்கோ, குழு நிர்வாகிக்கோ ஓர் அலைபேசி அழைப்பு வருவதுண்டு. அழைப்பவர் தம் பதவியைச் சொல்வார். சட்டப் பிரிவைச் சொல்லமாட்டார். "மேலிடத்தில் கேட்கிறார்கள், எடுத்துவிடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த அழைப்புக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, அதற்கு எப்படி மறுமொழி சொல்வது, எந்த அதிகாரிக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு, எப்போது நாமே பதிவை எடுத்துவிடுவது சரி என்பவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது. வாய்மொழியாக வந்த அழுத்தத்தை எழுத்துக்குக் கொண்டுவருவதே இதில் கூறப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எழுத்தில் வராத ஆணையை எதிர்க்கவும் முடியாது. அதற்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமையும் பெரும்பாலும் இல்லை.

அழைப்பு வேறு, ஆணை வேறு

அரசியலமைப்பின் 19(1)(ஏ) உறுப்பு பேச்சுரிமையைத் தருகிறது. அதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களை 19(2) உறுப்பு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடக்கியிருக்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நயத்தகு நடத்தை அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். துறைக்குக் கெட்ட பெயர் வருவதோ, அமைச்சர் வருகையின்போது சங்கடம் நேர்வதோ அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாகவும் வரவேண்டும். கேரளப் பள்ளி ஒன்றில் தேசிய கீதம் பாடாத மாணவர்களை வெளியேற்றிய வழக்கில், 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சட்டப் பின்புலம் இல்லாத துறைச் சுற்றறிக்கையைக் கொண்டு பேச்சுரிமையைக் குறைக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சுற்றறிக்கைக்கே அந்த நிலை என்றால் அலைபேசிப் பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற வழக்கு ஒன்று, இணையம் பரவுவதற்கு முன்பே, இன்று நமக்கு வேண்டிய விடையைத் தந்திருக்கிறது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது, அதில் காவல், சிறைத்துறை அதிகாரிகள் சிலரின் தொடர்பு வெளிவரும் என்ற நிலை இருந்தது. சிறைத்துறைத் தலைவர், அந்த வரலாறு பொய்யானது, வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவதூறு வரக்கூடும் என்ற அச்சத்தால் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. வெளிவந்த பிறகு, தம்மைப் பற்றிப் பொய் எழுதப்பட்டிருப்பதாகக் கருதும் அதிகாரி தனிப்பட்ட முறையில் வழக்குப் போடலாம். ஆனால் அலுவல் கடமை தொடர்பான செயல்களைப் பற்றி எழுதியிருந்தால், எழுதியவர் உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதினார் என்று அவர் நிறுவியாக வேண்டும். அரசும், உள்ளாட்சி அமைப்பும், அரசதிகாரம் செலுத்தும் பிற நிறுவனங்களும் அவதூறுக்கு இழப்பீட்டு வழக்கே தொடர முடியாது. சட்டம் படிக்காதவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே தீர்ப்பு எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

அதிகாரிக்கும் வாய் உண்டு என்பதை இங்கே மறக்கலாகாது. பதிவு தவறு என்று மறுப்பதும், சரியான புள்ளிவிவரத்தை வெளியிடுவதும், திருத்தும்படி கேட்பதும், புயல் நேரத்தில் வதந்தி பரப்பாதீர்கள் என்று எச்சரிப்பதும் அவருடைய பணியே. கேட்டது கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லும் வாக்கியத்தில்தான் எல்லை இருக்கிறது. "வீடியோவை எடுக்காவிட்டால் உங்கள் படகுக்கு டோக்கன் கிடைக்காது" என்பது வேண்டுகோள் அல்ல. கடலுக்குச் செல்ல மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை வழங்குவதற்கும் மறுப்பதற்கும் மீன்பிடி ஒழுங்குமுறையில் தனிக் காரணங்கள் உள்ளன. ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட அதிகாரத்தை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. டீசல் மானியம், மீன்பிடி தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்கு வழங்கும் நிவாரணத் தொகை, கடை உரிமம், ரேஷன் அட்டை என எதை வைத்து மிரட்டினாலும் இதே விதிதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ல் இதையொட்டிய இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் அவற்றில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. முதல் வழக்கில், நியூயார்க் மாநிலத்தின் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறைத் தலைவர், தேசிய ரைஃபிள் சங்கத்துடன் உறவை முறித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனங்களைத் தம் உரிம அதிகாரத்தைக் காட்டி நெருக்கினார் என்பது குற்றச்சாட்டு. ஒருவரின் கருத்தை ஒடுக்குவதற்காக மூன்றாம் தரப்பை அரசு அதிகாரி அச்சுறுத்தக்கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அடுத்த மாதமே வந்த மற்றொரு தீர்ப்பில், சமூக ஊடக நிறுவனங்களை வெள்ளை மாளிகை அதிகாரிகள் நெருக்கியதால் தங்கள் பதிவுகள் நீக்கப்பட்டன என்று வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள். எந்த அதிகாரியின் எந்தச் சொல்லால் எந்தப் பதிவு போனது என்ற தொடர்பை அவர்களால் காட்ட முடியவில்லை. ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்று ஆயிற்று. முதல் வழக்கில் அதிகாரியின் நெருக்கடி கடிதங்களிலும் சந்திப்புகளிலும் தேதியோடு சுட்டப்பட்டிருந்தது.

அழைப்பு வந்த அன்றே செய்ய வேண்டியவை

அலைபேசியில் வாதாட வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அழைப்பவரின் பெயர், பதவி, அலுவலகம், எந்தப் பதிவு, அதில் எந்தப் பகுதி, எந்தச் சட்டப் பிரிவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "எழுத்தில் அனுப்புங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறோம்" என்று மரியாதையாக முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான அழைப்புகள் இந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் எளியது: கையெழுத்திட்டு அனுப்பும்போது அதிகாரி தம் பொறுப்பில் ஒரு சட்டப் பிரிவைச் சுட்ட வேண்டியிருக்கிறது.

அழைப்பு முடிந்ததும், நாள், நேரம், வந்த எண், பேசிய சொற்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, உடனிருந்தவர் யாராவது இருந்தால் அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பதிவின் திரைப்பிடிப்பு, இணைய முகவரி, மூலக் காணொளிக் கோப்பு ஆகியவற்றைச் சுருக்காமல் வேறொரு கருவியிலும் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படி தரம் குறைந்துவிடும் என்பதால் மூலக் கோப்பு முக்கியம். இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. விசாரணையில் சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 241-ஆம் பிரிவின்படி குற்றமாகக் கருதப்படலாம். நீக்கச் சொன்னவரே பிறகு "சான்றை அழித்தார்" என்று சொல்லும் நிலை வரக்கூடும். எனவே பொதுப்பார்வையிலிருந்து பதிவை எடுப்பதானாலும் படியை அழிக்காதீர்கள்.

அன்றைக்கோ மறுநாளோ, அழைத்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பின்வரும் வாசகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த அலைபேசி அழைப்பில், எங்கள் சங்கத்தின் பக்கத்தில் வெளியான இன்ன தேதியிட்ட பதிவை நீக்கும்படி கூறப்பட்டது. அப்பதிவில் உண்மைப் பிழை ஏதேனும் இருப்பின், சரியான விவரத்தைத் தெரிவித்தால் அதையும் சேர்த்து வெளியிடத் தயாராக இருக்கிறோம். நீக்க வேண்டும் என்பது ஆணையாயின், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், என்ன காரணத்துக்காக, எந்த அதிகாரியால் பிறப்பிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் உறுப்பினர்களின் படகு அனுமதி, மானியம் ஆகியவை இப்பதிவோடு தொடர்பற்றவை என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறோம்."

கடைசி வாக்கியத்தை டோக்கன் பேச்சு வந்திருந்தால் மட்டும் சேர்த்தால் போதும். கடிதத்தை விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்பலாம். அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து எண் பெற்றுக்கொள்ளலாம். மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதில் கூடுதல் பயன் உண்டு: அங்கே துறை அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கும்.

யாருக்கு எந்த அதிகாரம்

கிராம நிர்வாக அலுவலருக்கும், மீன்வளத்துறை ஆய்வாளருக்கும், உதவி இயக்குநருக்கும், ஊராட்சிச் செயலருக்கும் இணையப் பதிவை நீக்கச் சொல்லி ஆணையிடும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. காவல் உதவி ஆய்வாளருக்கும் இல்லை. அவர் வழக்குப் பதிந்து விசாரிக்கலாம், அது வேறு.

ஒரு பதிவை நாடு முழுவதும் முடக்கும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. அது மத்திய அரசுக்கே உரியது. 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநிலத்திலிருந்து போகும் கோரிக்கை தலைமைச் செயலாளரின் ஒப்புதலைப் பெற்று, இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத தில்லி அதிகாரியிடம் சென்று, ஒரு குழுவால் பரிசீலிக்கப்பட வேண்டும். காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று 2015 மார்ச் 24 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு கூறுகிறது. அவசர நிலையில் இடைக்கால முடக்கம் செய்யலாம்; ஆனால் 48 மணி நேரத்துக்குள் அது குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். அவதூறு இந்தப் பிரிவின் காரணங்களில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அதிகாரியைத் திட்டிய பதிவுக்கு 69ஏ பொருந்தாது.

இதைவிட அதிகம் பயன்படுத்தப்படும் குறுக்குவழி அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. அதன்படி அரசு முகநூல், எக்ஸ் போன்ற நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்புகிறது. நிறுவனம் நீக்காவிட்டால், அந்தப் பதிவுக்குத் தானும் பொறுப்பேற்க நேரிடும் என்பதால் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. பதிவிட்டவருக்கு முன்னறிவிப்பு எதுவும் வராது. 2021 விதிகளில் நிறுவனத்துக்கு 36 மணி நேரம் தரப்பட்டிருந்தது. பின்வந்த திருத்தங்கள் அதை மேலும் சுருக்கியிருக்கின்றன. இந்த வழிக்கும், இதற்காக உள்துறை அமைச்சகம் நடத்தும் சஹயோக் தளத்துக்கும் எதிராக எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்துள்ளது. எனவே இந்த வழி நடைமுறையில் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் 2025 அக்டோபரில் வந்த திருத்தம் ஒரு வேலி போட்டது. அறிவிப்பு அனுப்புபவர் இணைச் செயலாளர் அல்லது அதற்கு இணையான நிலையில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் இயக்குநர் நிலை. காவல்துறையானால், இதற்கெனத் தனியாக அதிகாரமளிக்கப்பட்ட, டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். சட்ட அடிப்படை, மீறப்பட்ட பிரிவு, பதிவின் குறிப்பான இணைய முகவரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், காவல் நிலைய ஆய்வாளரோ, டி.எஸ்.பி.யோ, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரோ நேரடியாக இந்த அறிவிப்பை அனுப்ப முடியாது. இராமநாதபுரம் சரக டி.ஐ.ஜி.யும் தனி அதிகாரமளிப்பு இருந்தால்தான் அனுப்பலாம்.

முகநூலோ யூடியூபோ பதிவை எடுத்துவிட்டால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட்டு, காரணம் கேளுங்கள். அரசு அறிவிப்பால் எடுத்தோம் என்று நிறுவனம் சொல்லும் மின்னஞ்சல் வந்தால் அது மிக மதிப்பு வாய்ந்த சான்று. அந்த அலுவலரின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் 30 நாள்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே மேல்முறையீடு செய்யலாம். அரசின் நெருக்குதலால் போன பதிவுக்கு அரசு அமைத்த குழுவிடம் நீதி கேட்பதில் உள்ள முரண் வெளிப்படையானதுதான்; ஆனாலும் உயர் நீதிமன்றம் செல்லும்போது "இருந்த வழிகளை நாடினோம்" என்று காட்ட அது உதவும்.

மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 163-ஆம் பிரிவில் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரம் உண்டு; பழைய 144 அதுதான். பரமக்குடி, பசும்பொன் நிகழ்வுகளையொட்டிச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த மாவட்டத்துக்கு அது பழக்கமானதே. அப்படி ஓர் ஆணை நடப்பிலிருந்தால், அதன் படியை வாங்கிப் பாருங்கள். இணையப் பதிவைப் பற்றி அதில் ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா, காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா, நாள் வரம்பு என்ன என்பதைச் சரிபார்க்க வேண்டும். நியாயமான கருத்தையோ குறையையோ வெளியிடுவதை அடக்க இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இணையத்தையே துண்டிப்பது தனி விஷயம். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அண்டை மாவட்டங்களில் அது நடந்ததை நாம் பார்த்தோம். அந்த ஆணையை உள்துறைச் செயலாளர் நிலையில்தான் பிறப்பிக்க முடியும். மேற்கண்ட 2020 தீர்ப்பின்படி அது வெளியிடப்பட வேண்டும், காலவரம்பின்றி நீடிக்கவும் கூடாது.

காவல் நிலையத்துக்கு வரச் சொன்னால்

"ஸ்டேஷனுக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்பது சட்டம் அறிந்த சொல் அன்று. சாட்சியாகவோ விவரம் அறிந்தவராகவோ அழைப்பதென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி எழுத்திலான ஆணை வேண்டும். பெண்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சுய உதவிக் குழுவின் பெயரில் பதிவிடும் கடலோரப் பெண்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு.

சந்தேகத்துக்குரியவராக அழைத்தால் அதே சன்ஹிதாவின் 35(3) பிரிவின் அறிவிப்பு தரப்பட வேண்டும். இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்படி ஒப்படைத்ததாக ஆகாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முறையாகக் கையில் கிடைத்தால் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் கைதுக்கு நாமே வழி திறந்துவிடுவதாகும். போகும்போது வழக்கறிஞரையோ, குறைந்தது சங்கப் பொறுப்பாளர் ஒருவரையோ அழைத்துச் செல்லலாம். அலைபேசியைக் கேட்டால், பறிமுதல் செய்ததை எழுதிக் கையெழுத்திடும் மகஜர் இல்லாமல் கொடுக்காதீர்கள். தேடுதலும் பறிமுதலும் அதே சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும். அங்கேயே உங்கள் விரலை வைத்து நீக்கச் சொன்னால், எழுத்தில் தாருங்கள் என்ற அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லலாம்.

அறிவிப்பில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எழுதப்பட்டிருந்தால் வழக்கு அந்த அளவில் அப்போதே விழுந்துவிட்டது. அந்தப் பிரிவு 2015-லேயே செல்லாததாக்கப்பட்டது. அதன்பிறகும் காவல் நிலையங்கள் அதைப் பயன்படுத்தியதால், யார் மீதும் அதன்கீழ் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றமானால், வழக்குப் பதியும் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பின்னணியில் கவிதை ஒலிக்க வெளியிட்ட காணொளி பற்றிய வழக்கு அது.

நமக்கு நெருக்கமான, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் இரு தீர்ப்புகள் 2021 டிசம்பரில் வந்தன. சிறுமலைக்குச் சென்ற ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாகக் கேலியாக எழுதிப் படம் போட்டதற்காகப் பதிந்த வழக்கு ரத்தானது. வாட்ஸ்அப் குழுவில் வேறொருவர் இட்ட பதிவுக்காக, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது மற்றொன்று. "அட்மின் நீங்கள்தானே, உங்கள் மீதுதான் கேஸ்" என்ற மிரட்டல் நம் குழுக்களில் அடிக்கடி கேட்கப்படுவது. அதற்கு இந்தத் தீர்ப்பே மறுமொழி.

அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்து

ஊருக்குள் இரு தரப்புக்கு இடையே, சாதி, மதம், அல்லது நாட்டுப்படகு விசைப்படகு தகராறு காரணமாகப் பதற்றம் எழுந்தால், வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ அமைதிக் கூட்டம் கூட்டுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், பல மோதல்கள் அதனால் அடங்கியிருக்கின்றன. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கூட்ட முடிவில் "இனி இதுபற்றிப் பதிவிட மாட்டேன், மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதிவைத்துக் கையெழுத்து வாங்கும்போதுதான். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் இப்படித்தான் கையெழுத்து வாங்கப்பட்டது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று கூறியது. எதிர்ப்பு எழுகிறது என்பதற்காகப் பேசியவரை அடக்காமல், அவரைப் பாதுகாப்பதே அரசின் கடமை என்பது, ஒரு தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிய 1989-ஆம் ஆண்டு ரங்கராஜன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

ஆகவே கூட்டத்துக்குப் போங்கள், பேசுங்கள், மோதல் தணிய விட்டுக்கொடுக்க முடிந்ததை விட்டுக்கொடுங்கள். பதிவு பற்றிய வாசகத்தில் மட்டும் உடனே கையெழுத்திடாமல், படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று படி வாங்கி வரலாம். இட்டே தீரவேண்டிய நெருக்கடி என்றால், கையெழுத்தின் கீழே தேதியும் நேரமும் குறித்து, மறுநாளே "அச்சூழ்நிலையில் இட்டது" என்று கடிதம் அனுப்பிவிட வேண்டும்.

கடலோரத்துக்கு மட்டும் உரிய சில கவனங்கள்

19(2)-ல் உள்ள காரணங்களில் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு மூன்றும் உள்மாவட்டத்து மக்களுக்குப் பாடப்புத்தகச் சொற்கள். நமக்கோ அன்றாடம் கேட்பவை. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம், எதிரே சர்வதேச எல்லைக்கோடு என்று அமைந்த கரையில், எந்தப் பதிவையும் "பாதுகாப்பு விஷயம்" என்று சொல்லிவிடுவது எளிது. இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தளத்தின் உட்புறம், ரோந்துக் கப்பலின் நகர்வு, ரேடார் நிலையம் போன்றவற்றைப் படமெடுத்து வெளியிடுவது அரசு இரகசியச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியது. அதை அதிகாரி சொல்லாமலேயே தவிர்க்க வேண்டும். கைதான மீனவரை மீட்பதில் அரசு சுணங்குகிறது, கச்சத்தீவு பற்றிய கொள்கை தவறு, கடலில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்பவை கருத்து. விவாதமும் ஆதரவுப் பேச்சும் எவ்வளவு கசந்தாலும் பாதுகாக்கப்பட்டவை, தூண்டுதலாக மாறும்போதுதான் கட்டுப்பாடு வரலாம் என்று ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு போட்ட கோடு இங்கேயும் செல்லும்.

யாரும் கேட்காமலே எடுத்துவிட வேண்டிய பதிவுகளும் உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின், குறிப்பாகக் குழந்தையின், அடையாளம் தெரியும் எதுவும். ஒரு சாதியார் மீதோ மதத்தார் மீதோ பகை மூட்டும் குரல் பதிவுகள். சரிபார்க்காத புயல், சுனாமி எச்சரிக்கைகள். கடைசியாகச் சொன்னதைச் சிலர் சிறு குற்றமாக எண்ணுகிறார்கள். பீதியை உண்டாக்கும் பொய் எச்சரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கைதான மீனவர்களின் பெயர்ப் பட்டியலையும், குடும்பத்தார் சம்மதமும் உறுதியான தகவலும் இல்லாமல் வெளியிடாதிருப்பதே முறை.

எழுத்தில் பதில் வராவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில், இன்ன தேதியில் இன்ன பதிவு குறித்துத் தங்கள் அலுவலகம் யாருக்கெல்லாம் என்ன தகவல்தொடர்பு செய்தது, அதற்கான கோப்புக் குறிப்பின் படி, அதற்கு அடிப்படையான சட்டப் பிரிவு ஆகியவற்றைக் கேளுங்கள். "ஏன் செய்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் அன்று என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்க வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உளவுப் பிரிவுகள் சிலவற்றுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு; மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதால், மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுவது உதவும். மாநில மனித உரிமை ஆணையத்திடம் போவதானால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் தரவேண்டும்.

டோக்கன் உண்மையிலேயே நிறுத்தப்பட்டாலோ, வழக்குப் பதியப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டம் 2004 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் இருக்கிறது. அனுமதி மறுப்புக்கு அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனுவும், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் மனுவும் அங்கேதான் தாக்கலாகும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குட்பட்டவர்கள் ஆகியோருக்கு இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். அங்கே போகும்போது, அழைப்புக் குறிப்பு, அனுப்பிய கடிதத்தின் படியும் ஒப்புகையும், பதிவின் திரைப்பிடிப்பு, மூலக் கோப்பு உள்ள கருவி, டோக்கன் முன்பு வழக்கமாகக் கிடைத்து வந்ததைக் காட்டும் பழைய சீட்டுகள் ஆகியவற்றை நாள் வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். அழைப்புக்கும் மறுப்புக்கும் இடைப்பட்ட நாள்கள் எத்தனை என்பதைத்தான் வழக்கறிஞர் முதலில் பார்ப்பார்.